பாட்டுக்காரி

"விராலிமலைத் தேருக்கு அன்னைக்குப் பாடுனாளே, அந்த மாதிரி ஒருத்தி இனிமே பொறந்துதான் வரணும் மாப்ளே" என்றான் விருந்துக்கு வந்த நாகராசு.

வெள்ளைச்சாமி பெருமூச்சு விட்டான். "அவ சிரிச்சா தெருவே சிரிக்கும்."

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த செவந்திக்கு வயிறு எரிந்தது. தன்னைப் பற்றிக் கணவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லி எத்தனை காலமாயிற்று!

நாகராசு பஸ் ஏறப் போனதும் வந்து நின்றாள். "அவதான் ஒங்களுக்கு ஒசத்தியா?"

வெள்ளைச்சாமி திருச்சி மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"இத நிறுத்துனா நான் மறுபடியும் அவளாயிருவேன். பழையபடி பாடுவேன், சிரிப்பேன். அப்பத்தான் ஒங்களுக்கு என்னயப் பிடிக்கும்."

உருண்டுபோன மாத்திரையைத் தேடி எடுத்தான். "பாடுன ஒன்னய ஊரே பாத்துச்சு. அதுக்கப்பறம் மாசக்கணக்கா மொடங்கிக் கெடந்து, கெணத்துல குதிச்ச ஒன்னய நான்தானே தூக்குனேன். எனக்கு நீ உசிரோட இருந்தாப் போதும் செவந்தி."

வாங்கி விழுங்கினாள். "இப்பவும் எனக்குப் பாட வருமாங்க?" என்றாள்.

"பாடிப் பாரு. கேக்கறதுக்கு நான் இருக்கேன்ல" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.