‘கெட்’ வராத மருமகள்

"கெட். மூணே எழுத்து. இதுகூட உன் மண்டையில ஏறாதா?"

புத்தகத்தை மேசைமேல் பொத்தென்று போட்டான் கணவன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் இருவரும் கிளம்ப முடியும். அம்மணி இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. நாளைக்கு மூன்றாவது. இதுவும் போனால் வேலை வேறு ஆளுக்காம். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"கெட் அப்?"

"மேலே போய் வாங்குறது."

"எழுந்திருக்கிறதுடி! கெட் ஓவர்?"

"வாங்கி முடிச்சாச்சு."

"ஐயோ! கெட் வெல்?"

"கிணறு வாங்குறது."

"சுவத்துலதான் முட்டிக்கணும். உடம்பு தேறுறது! சரி, கெட் ரிட் ஆஃப்?"

அவள் நிமிர்ந்து அவனையே பார்த்தாள். "அது... தெரியலைங்க."

"வேண்டாததைக் கழிச்சுக் கட்டுறது! எத்தனை தடவை சொல்றது?"

பக்கத்து அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு ஒழுங்கா எழுது. முதல் பரீட்சையிலேர்ந்தே சொல்றேன்ல, நீ பாஸாயிட்டா அடுத்த வாரமே அப்பாவை முதியோர் இல்லத்துல விட்டுட்டுக் கிளம்பிடலாம். இடம் சொல்லி வெச்சிருக்கேன். அவர்கிட்ட இப்போ மூச்சு விடாதே."

"மாமாவுக்குக் கண்ணு தெரியாதேங்க. புது இடத்துல தடுமாறிப் போயிடுவார்."

"அதெல்லாம் அங்கே பாத்துப்பாங்க. நீ முதல்ல கெட்டைப் பாரு."

எழுந்து அப்பாவின் அறைக்குப் போனான். ஜன்னலோர நாற்காலியில் அப்பா. மடியில் அன்றைய இங்கிலீஷ் பேப்பர், பிரிக்காமலே கிடந்தது. அவனுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"கண்ணு போய் ஒரு வருஷமாச்சு. இன்னும் எதுக்குப்பா இந்தப் பேப்பர்? நாளையிலேர்ந்து வேண்டாம்னு சொல்லிடறேன்."

"டேய், நிறுத்திடாதேடா!" அப்பா பதறிப்போனார். "எனக்குப் பொழுது போறதே அதுலதான். தினம் நீ ஆபீஸ் கிளம்பினதும் மருமக ஒரு வரி விடாம படிச்சுக் காட்டுவா. எனக்கே புரியாத இடத்துக்கெல்லாம் தமிழ்ல அர்த்தம் சொல்லுவா."

அவன் திரும்பி மனைவி இருந்த அறையைப் பார்த்தான்.

அப்பா சிரித்தார். "ஆமா, அப்படிப்பட்டவளுக்குப் போய் காலையிலேர்ந்து என்னடா ஏபிசிடி நடத்திட்டிருக்கே?"