ஐந்தாவது கருத்து

ஐந்தாவது கருத்து வந்திருப்பதாகத் தொலைபேசி காட்டியபோது, ஆகிலா ஆசிரியர் அறையில் சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாடா என்றிருந்தது.

கல்வியியற் கல்லூரியின் கட்டளை அது. கற்பித்தல் பயிற்சிக்குப் போகிற ஒவ்வொருவரும் வலைப்பூ தொடங்க வேண்டும். வகுப்பறையில் நடந்ததை எழுத வேண்டும். ஒரு பதிவுக்காவது ஐந்து பேர் கருத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய முதல் மூன்று பதிவுகளை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

நாலாவதற்குத்தான் வாசகர் கிடைத்தார்கள்.

அது ஆறாம் தர வகுப்பில் நடந்தது. கல்லூரி விரிவுரையாளர் நவ்ஷாத் ஸேர் மேற்பார்வைக்கு வந்த நாள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இரவல் வாங்கிப் பையில் போட்டு வந்த பத்துக் காந்தங்களை மேசையில் பரப்பினால், ஒன்பதுதான் இருந்தன. யன்னலுக்கு வெளியே ஸேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

எடுத்தவர் சொன்னால் ஏச மாட்டேன் என்றாள் ஆகிலா.

கடைசி வரிசை வாங்கிலிருந்து ஹனீனா எழுந்தாள். தான்தான் எடுத்ததாகவும், அது வெளியே தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டதாகவும் சொன்னாள்.

ஆகிலா ஏசவில்லை. தோளில் தட்டி உட்கார வைத்தாள். பாடம் நன்றாகவே போனது. வாசலில் நின்று கேட்டிருந்த ஸேர், மன்னிக்கத் தெரிந்தவரே ஆசிரியர் என்று மேற்பார்வைக் குறிப்பில் எழுதினார்.

மறுநாள் ஹனீனா வட்டமான ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் கிடந்த பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்தது. ஆகிலா வாங்கிக்கொண்டாள். படமும் எடுத்தாள்.

எல்லாவற்றையும் எழுதிப் படத்தையும் சேர்த்தாள். பிள்ளையின் பெயரைப் போடவில்லை. ‘ஒரு மன்னிப்பு ஒரு மாணவியைத் திருத்தியது’ என்று தலைப்பு வைத்தாள். வாசகர் வேண்டுமே என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் இணைப்பைப் போட்டாள்.

நவ்ஷாத் ஸேருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நாளைக் காலை கல்லூரி மண்டபத்தில் பெரிய திரையில் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தார்.

ஐந்தாவது கருத்தை அனுப்பியவர் பெயர் ஸாலிஹா என்றிருந்தது. ஹனீனாவின் உம்மா. நன்றி சொல்கிறார் போலும் என்று ஆகிலா திறந்தாள்.

‘டீச்சர் நான் ஹனீனா. இது உம்மாட போன். கதை நல்லா இருக்கு. ஆனா நான் காந்தம் எடுக்கல்ல. ஸேர் வந்திட்டாரு, ஒங்கட கண்ணும் கலங்கிட்டு. அதான் நான் எண்டு சொன்னன். படத்தப் பார்த்து உம்மா எங்கட ஸ்பீக்கர் எண்டு கண்டுபிடிச்சிட்டா. நான் கள்ளி எண்டு ரெண்டு நாளா என்னோட கதைக்கிறல்ல.’

ஆகிலா இரண்டு தரம் வாசித்தாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த அப்னா எட்டிப் பார்த்தாள். அவளும் பயிற்சிக்கு வந்தவள்தான்.

“அழிச்சி உடுகா. நாளைக்கு ஸேர் காட்டக்குள்ள இது கிடந்தா உனக்குத்தானே வெட்கம்.”

கருத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. வெளியிடு. நீக்கு. ஆகிலா அனுமதித்தால்தான் அது ஊருக்குத் தெரியும். பொருந்தாத கருத்துகளை நீக்கலாம் என்று கல்லூரியில் சொல்லியும் கொடுத்திருந்தார்கள். நீக்கிவிட்டுச் சாச்சியின் மகளிடம் ஒரு கருத்துக் கேட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தது. அப்னா புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

ஆகிலா ‘வெளியிடு’வை அழுத்தினாள்.

“என்னகா செய்றாய்?” என்றாள் அப்னா.

ஆகிலா கருத்துக்குக் கீழே மறுமொழிப் பெட்டியைத் திறந்தாள். எழுதினாள். அழித்தாள். பிறகு, பிள்ளைகளோடு கதைக்கிற மாதிரியே எழுதினாள்.

‘ஹனீனா, இத உம்மாக்கு வாசிச்சிக் காட்டுங்க. நீங்க எடுக்கல்ல. காந்தம் என்ட பேக்குக்குள்ள, குடைக் கம்பியில ஒட்டிக் கிடந்த. அண்டைக்குப் பின்னேரமே பஸ்ஸுல கண்டுட்டன். அடுத்த நாள் நீங்க மத்தக் காந்தத்தக் கொண்டுவந்து தரக்குள்ள, எனக்குத் தெரியும்.’