ஏழு நிமிடம்

என் பேத்தி அமுதயாழுக்கு ஆறு வயது. சொன்னதைத் திருப்பிச் சொல்வாளே தவிர, பசி என்றுகூட அவளாகச் சொல்லத் தெரியாது. அவளுக்கென்று ஓர் ஆசிரியை வேண்டும் என்று மருமகள் சுடர்க்கொடி சிறப்புக் கல்விக்கு விண்ணப்பித்தாள்.

வீட்டுச் சுவர்த்திரையில் கல்வித்துறையின் இயந்திரம் ஏழு நிமிடம் குழந்தையோடு பேசிப் பார்த்து முடிவு சொல்லும். பள்ளிப் படிப்பு முடியும்வரை அந்த முடிவு மாறாது. அந்த ஏழு நிமிடமும் எங்கள் குடும்பப் பெயரில் யாரும் பார்க்கும்படி பதிவாகும்.

நம் வீட்டுப் பிள்ளை திருதிருவென்று விழிப்பதை ஊர் பார்ப்பதா? கேள்விகள் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். பக்கத்து வீட்டில் விசாரித்து, மருமகள் வேலைக்குப் போன நேரங்களில் ஒரு மாதம் பேத்திக்குப் பதில்களைப் பழக்கினேன். முதுகை நிமிர்த்தி, கைகூப்பிச் சொல்ல வேண்டும் என்றேன்.

தேர்வு நாளில் அமுதயாழ் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"குழந்தைக்கு உதவி தேவையில்லை. வாழ்த்துகள்" என்றது திரை.

சுடர்க்கொடி என் பக்கம் திரும்பி, "வாழ்த்து சொல்லுது மாமா. உங்களுக்குத்தான், வாங்கிக்குங்க" என்றாள்.

மறுநாளே தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன்.

நேற்று அமுதயாழின் விரல் கதவிடுக்கில் நசுங்கிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட என்னிடம் வந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு? எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

அவள் முதுகை நிமிர்த்திக் கைகூப்பினாள்.

"நான் நலமாக இருக்கிறேன். நன்றி."