வாடகை அப்பா

"இந்தப் படத்துக்கு ஒரு மாலை போட்டு மேடைக்குப் பக்கத்துல மாட்டுங்க. யாராச்சும் கேட்டா எங்கப்பான்னு சொல்லிக்கிறேன்."

கல்யாணப் பெண்ணின் அப்பா நல்லசிவம் இப்படிச் சொன்னதும் ஜூடித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பழங்காலப் பொருட்களை வைத்துக் கல்யாண மண்டபங்களை அலங்கரித்துக் கொடுப்பது அவள் தொழில். ஈட்டி மர நாற்காலி, கிராமபோன், ஆளுயரக் கண்ணாடி எல்லாம் காலையிலேயே அந்தக் குன்னூர் மண்டபத்தில் வந்து இறங்கிவிட்டன. அழகுக்கு இருக்கட்டுமே என்று கூடவே கொண்டுவந்ததுதான் அந்தப் படம். கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு வாலிபர். யாரென்று அவளுக்கே தெரியாது.

"வேண்டாங்க. முன்பின் தெரியாத ஆளைப் போயி..."

"சம்பந்தி ஊடு பெரிய பரம்பரைங்க. எங்கப்பா எஸ்டேட்ல கூலி. ஒரு போட்டோகூட எடுத்துக்காமப் போயிட்டாரு மனுஷன். இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானுங்களே?"

மாட்டிவிட்டாள். அதன்பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராக இருந்த நாற்காலியை நகர்த்தினாள். மறுபடி பழைய இடத்துக்கே இழுத்தாள். யாராவது படத்தருகே போனால் கைவேலையை விட்டுவிட்டு அங்கேயே பார்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹரிதாஸ் நேரே படத்தின் முன்னால் போய் நின்றார். நின்றவர் நகரவே இல்லை.

"இது யாருங்க?"

நல்லசிவம் கையைப் பிசைந்தார். "எங்கப்பாங்க. சின்ன வயசுல எடுத்தது."

"எப்படி, நல்ல மாதிரிங்களா?"

"ரொம்பக் கண்டிப்புங்க. ஆனா பசின்னு யாரு வந்தாலும் தன் சோத்தைக் கொடுத்துருவாரு. பேத்தி கல்யாணத்தைப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கலே." நல்லசிவத்தின் குரல் உடைந்தது.

என்னமா நடிக்கிறார் இந்த மனுஷன் என்று ஜூடித் பல்லைக் கடித்தாள்.

ஹரிதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார். பிறகு நல்லசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல மனுஷர் ஊட்லதானுங்க பொண்ணு எடுக்கிறோம்."

வாசலில் யாரோ கூப்பிட, நல்லசிவம் ஓடினார்.

ஜூடித்துக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு மரியாதையான மனுஷரை ஏமாற்றுவதா? ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தில் கை வைத்தாள்.

"கழட்டாதீங்கம்மா."

திரும்பினாள். ஹரிதாஸ்.

"மன்னிச்சுருங்க சார். இது அவங்க அப்பா இல்லை. பழைய சாமான் கடையில நான் வாங்கினது."

"தெரியும். மெதுவாப் பேசுங்க, சம்பந்தி காதுல விழுந்துரப் போகுது. பாவம், இன்னிக்குத்தான் அவருக்கு அப்பா கிடைச்சிருக்காரு."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

ஹரிதாஸ் சரிந்திருந்த மாலையை எட்டி நேராக்கினார்.

"எங்க கோத்தகிரி பங்களாவை வித்தப்போ, அடைசல்னு சொல்லி, சாமானோட சாமானா எங்கப்பாவையும் தூக்கிப் போட்டவன் நான்தாம்மா."