வெள்ளைக் காய்

"இன்னிக்கு ஹால்ல என்னடி பண்ணினேள்?"

வியாழக்கிழமை சாயங்காலம் ஷ்யாமளா மாடியேறி வரும்போதெல்லாம் எதிர் வீட்டு ராஜலக்ஷ்மி வாசலில் நின்று இதையேதான் கேட்பாள்.

"சொல்லப்படாதுன்னு ரூல். ஆராய்ச்சியே குழம்பி கட்பட் ஆயிடும்."

ஷ்யாமளா கதவைச் சாத்திக்கொள்வாள்.

ரூல் என்னவோ நிஜம்தான். தனியாக இருக்கும் பெரியவர்கள் வாரம் ஒருநாள் கூடிப் பேசினால் தனிமை குறைகிறதா என்று மும்பை மாட்டுங்காவில் ஒரு காலேஜ் ஆராய்ச்சி செய்தது. பையிலிருந்து கேரம் காய் எடுக்கச் சொல்லி இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். வெள்ளை வந்தவர்களுக்கு வாராவாரம் ஹாலில் பாட்டு, அரட்டை, டீ. கறுப்பு வந்தவர்கள் வீட்டில் இருந்தபடியே கடைசியில் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஹால் சமாசாரம் அவர்கள் காதுக்குப் போகக்கூடாது.

காய் எடுத்த அன்று ஷ்யாமளாவுக்கு முட்டி வலி. அவளுக்கும் சேர்த்து ராஜலக்ஷ்மிதான் போய் எடுத்தாள். "உனக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு" என்று வந்து சொன்னாள்.

கணவர் போன பிறகு டி.வி.யோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவள் ஷ்யாமளா. ஹாலுக்குப் போக ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டாள். அங்கே பழக்கமான செம்பூர் கீதா தினமும் போன் செய்கிறாள். தூக்க மாத்திரை மறந்துபோயிற்று. எதிர் வீடும் மறந்துபோயிற்று.

ஆறு மாதம் முடிந்தது. ஆராய்ச்சிப் பெண் சுஷ்மா கடைசிக் கேள்விகளோடு வந்தாள்.

"மாமி, கறுப்புக் காய்க்காரா யார்கிட்டயாவது ஹால் விஷயம் பேசினேளா?"

"மூச்சு விடலையே. எதிராத்து ராஜிதான் வாராவாரம் வந்து நோண்டுவா. தனக்குக் கிடைக்கலைன்னு வயத்தெரிச்சல். மூஞ்சியிலேயே கதவைச் சாத்திடுவேன்."

சுஷ்மா எழுதுவதை நிறுத்தினாள்.

"அவாத்துலேர்ந்துதான் வரேன், மாமி. ஆறு மாசமா யாரோட அதிகம் பேசினேள்னு கேட்டேன். உங்க பேரைத்தான் சொன்னா."

"என் பேரா? நான் எங்கே அவளோட பேசினேன்?"

சுஷ்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இதை நான் சொல்லக்கூடாது, மாமி. 'முதல் காய் எனக்கு, அடுத்தது ஷ்யாமளாவுக்கு'ன்னு சொல்லிட்டுத்தான் அன்னிக்கு அவா நான் நீட்டின பையில கையை விட்டா. முதல்ல வெள்ளை வந்தது. அடுத்தது கறுப்பு."

ஷ்யாமளா எதிர் வீட்டைப் பார்த்தாள். அந்தக் கதவு வழக்கம்போல் திறந்துதான் இருந்தது.

"ரெண்டையும் கையிலே வெச்சுண்டு கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், 'மாத்தி எழுதிக்கோம்மா. நானாவது கதவைத் திறந்து வெச்சுண்டு நாலு பேரைப் பார்ப்பேன். அவ பாவம், சாத்திண்டே உக்காந்திருப்பா'ன்னா."