வெறுங்குதிரை

“உங்க மெஷின் காட்டின நேரம் எந்தக் குதிரையோடது தம்பி?”

குதிரைப் பந்தய அலுவலகத்தில், மேசையின் தலைப்பக்கம் தலைவர். அவருக்கு வலப்புறம் குமாஸ்தா. ஜன்னலோரம் நேற்று ஜெயித்த ஜாக்கிப் பெண். கதவருகே, கேள்வி கேட்ட பழைய ஜாக்கி. எதிரே, வேலைக்குப் புதிதாக வந்த டெக்னீஷியன்.

பழைய ஜாக்கி படைத்த வேகச் சாதனையை இத்தனை வருஷமாக எந்த ஆணும் பெண்ணும் தொட்டதில்லை. நேற்று அந்தப் பெண் நூலிழையில் முறியடித்திருந்தாள். பழைய சாதனைக்காரர் ஆட்சேபிக்கலாம் என்பது விதி. ஆட்சேபம் ஏற்கப்பட்டால் அவள் சாதனை போச்சு. மெஷினோடு டெக்னீஷியனும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வயிற்றெரிச்சல் பிடித்த பொம்பளை என்று பழைய ஜாக்கியை மனத்துக்குள் திட்டிக்கொண்டான் டெக்னீஷியன்.

“புறப்படுற கேட்டிலேயே ஜாக்கியைத் தள்ளிட்டு ஒரு குதிரை வெறுமனே ஓடிச்சே. முடிவுக் கோட்டை அது முதல்ல தாண்டியிருந்தா?” என்ற பழைய ஜாக்கி ஜன்னல் பக்கம் திரும்பி, “நகத்தைக் கடிக்காத” என்று அதட்டினார். அந்தப் பெண் சட்டென்று கையை இறக்கினாள். டெக்னீஷியனுக்குப் பாவமாக இருந்தது.

கேமராப் படத்தைப் போட்டான். வெறுங்குதிரை வளைவிலேயே தடம் மாறி வெளியே போயிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

பழைய ஜாக்கி விடவில்லை. தொடக்கத்தையும் போடச் சொன்னார்.

கேட்டுக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஒளிக்கதிர். அதை முதலில் தாண்டும் குதிரைதான் கடிகாரத்தை ஓடவைக்கும். படத்தில் முதலில் தாண்டியது வெறுங்குதிரை. டெக்னீஷியன் படத்தை இன்னொரு முறை ஓட்டினான். மறுகணம் துள்ளி எழுந்தான்.

“சார், கடிகாரத்தைக் கிளப்பினதே அதுதான். இவங்க குதிரை பின்னாலதான் வருது. அப்ப இவங்க நிஜ நேரம் நாம போட்டதைவிடக் கம்மி சார்.”

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நூலிழை, கண்ணால் பார்க்கக்கூடிய தூரமாகிவிட்டது. தலைவர் மேசையைத் தட்டி, வேறு ஆட்சேபம் உண்டா என்றார்.

“இனிமே எவனும் வாயைத் திறக்க முடியாதுல்ல? அது போதும்.” பழைய ஜாக்கி விறுவிறுவென்று வெளியேறினார்.

மெஷின் ஜெயித்த மிதப்பில் டெக்னீஷியன் இரண்டு கடிதங்கள் எழுதினான். சாதனை படைத்தவருக்கு ஒன்று, பறிகொடுத்தவருக்கு ஒன்று. இரண்டாவது உறையை எடுத்தபோது குமாஸ்தா தடுத்தார்.

“எதுக்குப்பா தண்டமா ரெண்டு தபால்? ஒண்ணாப் போட்டு ஒட்டி அனுப்பு. அம்மாவும் பொண்ணும் ஒரே வீட்லதானே இருக்காங்க.”