படம் எப்படி இருக்கு சார்?

“சார், லென்ஸைப் பாத்துப் பேசுங்க. அவங்களைப் பாக்காதீங்க.”

கேமராவுக்குப் பின்னாலிருந்து தனசேகர் சொன்னார். எதிரில் நின்ற பெரியவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மைக்கை நீட்டிக்கொண்டிருந்த மஹாலட்சுமியின் முகத்தைப் பார்த்தே பேசி முடித்தார்.

“முதல் பாதி விறுவிறுப்பு. இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுவை. பாட்டு ரெண்டு தேறும். ஒரு தடவை பாக்கலாம்.”

“நன்றி சார்” என்றாள் மஹாலட்சுமி. அவர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, ஊரப்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் நடந்தார்.

தாம்பரத்துத் தியேட்டர் வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் நடப்பதுதான் இது. புதுப்படத்தின் முதல் காட்சி முடிந்து வருகிறவர்களை மடக்கி, படம் எப்படி என்று கேட்டு, அன்று சாயங்காலமே டிவியில் போட்டுவிடுவார்கள். கேமராவைக் கண்டதும் கூட்டம் விசிலடிக்கும், ஹீரோ பேரைக் கத்தும். இவர் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாக, கொடியேற்ற வந்த தலைமை விருந்தினர் மாதிரி நிமிர்ந்து வந்து நிற்பார். பெயர் கங்காதரன் என்பதற்கு மேல் தனசேகருக்கு எதுவும் தெரியாது.

ஒன்றரை வருஷத்தில் அவர் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. பேய்ப்படம், சாமிப்படம், ஜனங்கள் பாதியில் எழுந்து ஓடிய படம், எதுவானாலும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை மஹாலட்சுமி லீவு. வேறொரு பெண் மைக்கை நீட்டினாள். கங்காதரன் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டார். தனசேகருக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் விழுந்தது. ஆசாமி படம் பார்க்க வரவில்லை. இந்தப் பெண்ணைப் பார்க்க வருகிறார்.

வேனில் ஏறியதும் மஹாலட்சுமியிடமே அதைச் சொன்னார். “அந்த ஆளு உன்னையே பாத்துகினு நிக்கிறாரும்மா. எனக்கு இன்னாவோ சரியாப் படல.”

“விடுங்கண்ணா, அவரால நமக்கு என்ன தொந்தரவு” என்றுவிட்டு, அவள் கேசட்டின் மேல் தேதி எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிதான் மஹாலட்சுமிக்கு இந்த நிகழ்ச்சியில் கடைசி நாள். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குச் செய்தி வாசிக்கும் வேலை. குரல் தேர்வுக்கு வந்த நாற்பது பேரில் அவள்தான் முதல். கூடப் பிறந்த தங்கைக்கே பதவி கிடைத்த மாதிரி தனசேகருக்குப் பெருமை. ஆபீஸில் எல்லோருக்கும் அவரே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கூடவே மனசில் ஒரு தீர்மானமும் செய்துகொண்டார். கிளம்புவதற்குள் அந்தப் பெரியவரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அன்றைய படம் படுமோசம். முக்கால்வாசிப் பேர் இடைவேளையிலேயே நழுவிவிட்டார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்து வெளியே வந்த பத்துப் பன்னிரண்டு பேரில் கங்காதரனும் இருந்தார். மஹாலட்சுமி மேனேஜரைப் பார்க்கப் போயிருந்த நேரம். தனசேகர் அவரை ஓரமாக அழைத்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. வாராவாரம் நீங்க எதுக்கு வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு வயசு இன்னா, உங்க வயசு இன்னா?”

கங்காதரன் கோபப்படவில்லை.

“எல்லாம் தெரியுது தம்பி. இருந்தாலும் வராம இருக்க முடியல.”

இப்படி மறைக்காமல் ஒப்புக்கொள்வார் என்று தனசேகர் எதிர்பார்க்கவில்லை. மேற்கொண்டு என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் மஹாலட்சுமி மைக்கும் கையுமாக வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கேமராவைத் தோளில் ஏற்றினார்.

“படம் எப்படி இருக்கு சார்?”

“சண்டைக்காட்சி பரவாயில்ல. கதைன்னு ஒண்ணும் கெடையாது.”

வழக்கமாக நன்றி சொல்லி மைக்கை எடுத்துவிடுகிறவள் இன்று எடுக்கவில்லை. “இன்னையோட நான் இங்க வர்றது முடிஞ்சுது சார். திங்கட்கிழமைலேருந்து ஏழரை மணி நியூஸ் வாசிக்கப் போறேன்” என்றாள்.

ரசிகரிடம் போய் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று தனசேகருக்கு எரிச்சலாக வந்தது. கங்காதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்க நின்றிருந்த வரிசையின் பக்கம் திரும்பி, மேடையில் பேசுகிறவர் போலக் குரலை உயர்த்தினார்.

“திங்கட்கிழமை ஏழரை மணிக்கு எல்லாரும் மறக்காம டிவி போடுங்க. நியூஸ் வாசிக்கப் போறது இவங்கதான். தமிழை எப்படி உச்சரிக்கணும்னு அன்னைக்குக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.”

வரிசையில் யாரோ கைதட்ட, நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு இறங்கி நடந்தார்.

தனசேகர் கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தார். மஹாலட்சுமி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ரத்தம் கொதித்தது.

“யாரும்மா அந்த ஆளு? உன்னை மெரட்டறாரா? சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

“எங்கப்பாண்ணா” என்றாள் அவள். “அவர் பேச்சை மீறி வேற மதத்துப் பையன் எபியைக் கட்டிக்கிட்டதுலேருந்து என்கூடப் பேச்சுவார்த்தை இல்ல. நான் மைக்கை நீட்டினா மட்டும்தான் பேசுவார்.”